பாய்க்கப்பலின் கயிறுகள்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூர் நகரத்தில் கப்பலைப்பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அல்சூர் ஏரியில் ஓடும் படகுகளைத் தவிர இங்கே மிதப்பன வேறில்லை. ஆயினும், கடலோரத்தில் பிறந்து பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து தங்கிய தமிழர் பலருடைய நெஞ்சில் ஒரு துறைமுகம் இருந்தே தீரும். அத்தகைய ஒருவரும் நாமும் சேர்ந்து, அல்சூரில் ஒரு வீட்டு மாடியறையில், பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியுருவைக் கட்டிக் கயிறு பூட்டிய முறையை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நம் நண்பர் தூத்துக்குடிக்காரர். அவருடைய தந்தையார் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த் தோணிகளைச் செப்பனிடும் தச்சராக விளங்கியவர். மகனோ விமானத் தொழிற்சாலையில் பொருத்துநர் வேலை கிடைத்து இளமையிலேயே இவ்வூருக்கு வந்துவிட்டார், ஓய்வும் பெற்றார். அவரை அண்ணாச்சி என்றே நாம் அழைப்போம். ஊர் மாறிச் சென்ற அன்பர் ஒருவர், பாதி கட்டி நிறுத்திய ஒரு கப்பலின் உறுப்புப்பெட்டியை நம்மிடம் தள்ளிவிட்டுப் போனார். கடைக்காரர் ‘கிட்’ என்று கூறுவது இதனைத்தான். உடல் ஒட்டப்பட்டிருந்தது, மரங்கள் பிளாஸ்டிக்கு உறுப்புகளாகக் கிடந்தன, நூற்கண்டு மட்கிப் போயிருந்தது. பெட்டியின் மேல் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற பெயர் காணப்பட்டது.

இந்தக் கப்பல் எது என்று சிறிது சொல்லல் வேண்டும். அமெரிக்க நாட்டுக் கடற்படைக்காக பாஸ்டன் நகரில் கட்டப்பெற்று, 1797-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட பிரிகேட் வகைப் போர்க்கப்பல் அது. 44 பீரங்கிகள் தாங்கும் கப்பல் என்று பட்டியலில் வகுக்கப்பட்டது. இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கர் கப்பல் நமக்கு எதற்கு என்று அண்ணாச்சி முதலில் முகம் சுளித்தார். அதற்கு விடை ஒரு கடற்போரில் இருந்தது.

1812-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் பிரேசில் கரைக்கப்பால் கான்ஸ்டிடியூஷன் கப்பலும் ‘ஜாவா’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலும் பொருதன. ஜாவா அப்பொழுது இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பம்பாய்க்கு ஆளுநராக அமர்த்தப்பெற்ற ஹிஸ்லாப் என்பார் அதில் பயணம் செய்தார். பம்பாய்த் துறையில் கட்டப்பெற்று வந்த கப்பல்களின் அடியில் வேய்வதற்கான செப்புத் தகடுகளும், புதிதாகக் கட்டவிருந்த ஒரு பிரிகேட்டின் வரைபடங்களும் அதில் இருந்தன. போரில் ஜாவாவின் மரங்கள் முறிந்து அது பணிய நேர்ந்தது. கரை கொண்டு சேர்க்க இயலாத அளவு சிதைந்திருந்தமையால் வென்றவர்களே அதற்கு எரியூட்டினர். வரைபடங்களும் போயின. வேறொரு படி இங்கிலாந்திலிருந்து மீண்டும் வரவேண்டியதாயிற்று. அவ்வரைபடத்தைக்கொண்டு, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக் கப்பற்றச்சர், மலபார்த் தேக்கினால் கட்டி 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நீரில் இறக்கிய கப்பலுக்கு இடப்பட்ட பெயர் என்ன தெரியுமா? ‘டிரிங்கோமலி’, அதாவது நம் திருகோணமலை! அஃது இன்று இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில், பழுது நீக்கப்பெற்று மிதக்கின்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த தேக்கு அது.

இவ்வரலாற்றைக் கேட்டபின் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. அந்தப் போரில் கான்ஸ்டிடியூஷனின் சுக்கான் சக்கரம் குண்டடிபட்டுச் சிதறியதென்றும், ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றி அதனிடத்தில் பொருத்தினரென்றும் படித்துக் காட்டினோம். பொத்தான் அளவே இருந்த அந்தச் சக்கரத்தை அவர் தம் கையாலேயே ஒட்டினார்.

இனி வேலைமுறைக்கு வருவோம்.

மாதிரியுருவில் முதலில் உணரவேண்டியது அளவு விகிதம். நம் பெட்டி 96-இல் ஒரு பங்கு. எட்டு அடிக்கு 96 அங்குலம் ஆதலால், உண்மைக் கப்பலின் எட்டு அடி இங்கே ஓர் அங்குலம். முன் நீட்டுமரத்தின் நுனியிலிருந்து பின்பாய்க் கட்டையின் நுனிவரை 304 அடி நீளமுள்ள கப்பல், நம் மேசைமேல் 38 அங்குலம் ஆகின்றது. 220 அடி உயர்ந்த நடுமரம் இருபத்தேழரை அங்குலம். வாடகை வீட்டில் இருப்போர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நலம். கட்டி முடித்த கப்பலை அறைக்கதவு வழியே வெளியே கொண்டுவர இயலாமற் போனவர்களும் உண்டு.

கயிறு பூட்டுவதற்கு முன்னர் உடலில் முடிக்கவேண்டிய நுண்வேலைகள் பல. பீரங்கித் தட்டின்மேல் மேல்தட்டை ஒட்டி மூடிவிட்டால் விரல் நுழையாது; ஆகவே கீழ்த்தட்டுப் பீரங்கிகளைப் பின்னுக்கு உதையாமல் பிடித்து நிறுத்தும் கயிறுகளை அப்பொழுதே கட்டிவிடுதல் வேண்டும். மேல்தட்டில் கயிறுகள் வந்து சேரும் இடங்களிலெல்லாம் சிறு வளையங்களுக்குத் துளையிடுவதும் மரங்களை நடுவதற்கு முன்பே ஆகவேண்டிய வேலை. மரம் நின்றபின் துளையிடப் புகுந்தால் கை இடிக்கும்; இடித்தால் ஒடியும். அவென்யூ சாலையை ஒட்டிய பேட்டைத் தெருக்களில் பொற்கொல்லர்க்குரிய கருவிகள் விற்கின்றனர். அங்கே வாங்கிய மெல்லிய துளைக்கருவியும், நுனி வளைந்த சாமணமும் பெட்டியில் வந்த கருவிகளைவிட நூறு மடங்கு பயன் தந்தன.

வண்ணம் பூசுவதில் ஒரே ஓர் எச்சரிக்கை: பளபளப்பு ஆகாது. உப்புக்காற்றிலும் வெயிலிலும் நின்ற கப்பலுக்கு மெருகேது? நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு வேய்ந்த பகுதியைப் புதுக்காசுபோல் மின்னவிடாமல் மங்கிய பழுப்பாக்கினோம். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து காக்கவே செம்பு வேயப்பட்டது. அது சின்னாளில் கறுத்துப்போகும். தட்டுகளின் பலகை வரிகளுக்குள் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டு, மேற்பரப்பை உடனே துணியால் துடைத்துவிட்டால், வரிகள் தாமே எழுந்து நிற்கும்.

இவ்வளவும் முடிக்க நமக்கு ஐந்து திங்கள் பிடித்தது. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று.

பாய்க்கப்பலைக் காண்போர்க்கு அதன் கயிறுகள் சிலந்திவலை போலத் தோன்றும். ஆனால் அவற்றுள் வேலையில்லாத கயிறு ஒன்றுகூட இல்லை. எல்லாக் கயிறுகளையும் இருகூறாகப் பிரித்துக்கொண்டால் பாதி மயக்கம் தீரும். மரங்களைச் சாயாமல் நிறுத்துவன நிலைக்கயிறுகள். பாய்களையும் பருமல்களையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுவன இயங்குகயிறுகள். பருமல் என்பது பாய் தொங்கும் குறுக்குமரம். இச்சொல்லை நாம் அகராதியிலிருந்து எடுக்கவில்லை, அண்ணாச்சியின் வாயிலிருந்து எடுத்தோம். பருமலை மேலே இழுக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டுவது தாமான். கப்பலின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். பெட்டியில் வந்த ஆங்கிலக் குறிப்பேட்டை நாம் படிக்கப் படிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் தோணிக்காரர் சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தார். சிலவற்றுக்கு நெடுநேரம் கண்ணை மூடி யோசித்தார். ஐம்பது ஆண்டுகளாக நாவில் வராத சொற்கள் அவை.

நிலைக்கயிறுகள் மட்காதிருக்கத் தார் பூசப்பட்டவை. ஆதலின் அவற்றுக்குக் கரிய நூல். இயங்குகயிறுகள் கப்பிகளில் ஓடவேண்டியவை. ஆதலின் அவற்றுக்குச் சணலின் இயல்பான வெளிர்பழுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே நூலைப் பயன்படுத்துவது தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. மரத்தின் முன்னே சாய்ந்து இழுக்கும் முன்கட்டுக் கயிறு யாவற்றினும் தடித்தது. நடுமரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ அதில் பாதி, அதன் முன்கட்டுக் கயிற்றின் சுற்றளவாக வைப்பது அக்கால ஆங்கிலேயர் வழக்கு. இதில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. அக்காலத்தார் கயிற்றை அளந்தது சுற்றளவினால், விட்டத்தினால் அன்று. 12 அங்குலக் கயிறு என்று நூல்களிற் கண்டால் அதன் தடிப்பு நான்கு அங்குலத்துக்கும் குறைவே. நம் விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர். இஃதறியாமல் நாம் முதலில் மூன்று மடங்கு தடித்த நூலை வாங்கிக் கட்டினோம். கப்பல் தேர்வடம் பூட்டியது போல இருந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அவ்வளவையும் அறுத்தெறிந்தோம்.

நூலைப்பற்றி இன்னும் சில சொல்லவேண்டும். பெட்டியில் வரும் பருத்தி நூலில் பஞ்சு பிசிறும். அதனைத் தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு மூன்று முறை இழுத்தால் பிசிறு அடங்கும். சிக்கப்பேட்டையில் தையற்பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் நூல் இன்னும் மேலானது. அது நீரை உறிஞ்சாது. இதன் அருமை இந்நகரத்து வானிலையில் விளங்கும். மார்ச்சுத் திங்களில் பெங்களூர்க் காற்று வறண்டிருக்கும். அப்பொழுது இழுத்துக் கட்டிய பருத்தி நூல், மழைக்காலத்தில் ஈரம் குடித்துச் சுருங்கி, பிளாஸ்டிக்கு மரத்தின் நுனியை வில்லாக வளைத்துவிடும். மழைக்காலத்தில் கட்டினாலோ வேனிலில் தொய்ந்து தொங்கும். மெய்யான கப்பல்களிலும் மழை பெய்யும்போது கயிறுகளைத் தளர்த்திவிட ஆள் ஏறியதுண்டு. ஆகவே நாம் செய்தது இரண்டு: நூலை மாற்றினோம், மரங்களின் உட்குழிவில் எஃகுக் கம்பியைச் செருகி ஒட்டினோம். கம்பியில்லாத பிளாஸ்டிக்கு மரம் கயிற்றின் இழுப்பைத் தாங்கும் என்று குறிப்பேடு சொல்கிறது. அதனை நம்பவேண்டா.

முடிச்சுகளில் நொடியில் இறுகும் பசையை இடுவதையும் தவிர்க்கவேண்டும். அது நூலை மொரமொரப்பாக்கி ஒடியச் செய்யும். வெள்ளைப்பூப் பூக்கவும் செய்யும். தச்சர் பயன்படுத்தும் வெண்பசையைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து ஊசிமுனையால் தொட்டு வைத்தால் போதும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. பிழை நேர்ந்தால் ஒரு துளி நீர் வைத்து இளக்கி அவிழ்க்கவும் முடியும்.

பூட்டும் வரிசை யாதெனில், கீழிருந்து மேல், நடுவிலிருந்து வெளிப்புறம். அணியத்தின் நீட்டுமரம் முதலில் உறுதிப்படவேண்டும். ஏனெனில் முன்மரத்தின் கட்டு அதனைப் பற்றி நிற்கிறது, முன்மரத்தைப் பற்றி நடுமரம் நிற்கிறது. பிறகு பக்கக் கட்டுகள். இவை மரத்தின் தலையில் கண்ணியாக மாட்டப்பெற்று, கப்பலின் இருமருங்கிலும் இறங்குவன. வலப்புறத்து முன்னிணை, பிறகு இடப்புறத்து முன்னிணை, மீண்டும் வலம், மீண்டும் இடம் என்று மாறி மாறி ஏற்றவேண்டும். ஒருபக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும். இவை முடிந்த பின்னரே முன்கட்டுக் கயிறு அவற்றின் மேலாக மாட்டப்படும்.

பக்கக் கட்டின் அடிமுனையில் மூன்று துளையுள்ள மரவட்டு ஒன்று கட்டப்பெறும். கப்பலின் விலாவிலும் அதற்கு நேரே ஒரு வட்டு. தேங்காயின் மூன்று கண்களைப் போன்ற அத்துளைகளின் வழியே மெல்லிய கயிறு ஏறியிறங்கி இரண்டையும் இழுத்து இறுக்கும். எல்லா வட்டுகளுக்கும் இடையே ஒரே தூரம் இருத்தல் அழகின் உயிர்நிலை. இதற்கு ஒரு கம்பியை இருமுனையும் மடித்து, மேல்வட்டின் துளையிலும் கீழ்வட்டின் துளையிலும் செருகிவைத்துக்கொண்டு கட்டினால் தூரம் பிசகாது. இந்த உபாயம் அண்ணாச்சியுடையது. விமானச் சிறகில் ஆணி இடைவெளி காத்த கை அல்லவா!

அடுத்தது ஏணிப்படிக் கயிறு. மாலுமிகள் மரத்தின்மேல் ஏறுவதற்காகப் பக்கக் கட்டுகளின் குறுக்கே கட்டப்பெறும் படிகள் இவை. படிக்குப் படி ஏறத்தாழ 15 அங்குலம்; நம் கப்பலில் நான்கு மில்லிமீட்டர். சில பெட்டிகளில் இவற்றை வலையாகவே வார்த்துத் தருகின்றனர். அவை பார்ப்பதற்குக் கொசுவலை. கையால் கட்டுவதாயின், ஒவ்வொரு கட்டுக்கயிற்றிலும் இரட்டைச் சுற்று முடிச்சு ஒன்று வேண்டும். எட்டுக் கயிறும் முப்பது படியும் என்று கொண்டால் ஒரு பக்கத்துக்கு 240 முடிச்சுகள். மூன்று மரம், இருபக்கம், அவற்றின் மேலடுக்குகள் என்று பெருக்கிப் பார்க்க நாம் துணியவில்லை. கோடிட்ட தாள் ஒன்றைப் பின்னே நிறுத்திவைத்து, கோட்டின்மேல் முடிச்சு விழுமாறு கட்டவேண்டும். முடிச்சை மிகையாக இறுக்கினால் கட்டுக்கயிறுகள் உட்புறம் இழுபட்டு, உடுக்கையின் இடைபோலச் சுருங்கிவிடும். நாலைந்து படிக்கொருமுறை நிமிர்ந்து பார்த்தல் அவசியம்.

இங்கேதான் நமக்கு ஓர் இக்கட்டு உண்டாயிற்று. வலப்பக்கம் நமக்கு, இடப்பக்கம் தமக்கு என்று அண்ணாச்சி பிரித்துக்கொண்டார். அவர் முடித்த படிகளைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. முதற் பத்துப் படிகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. அதன்மேல் அலை அலையாகச் சரிந்து ஏறின. அவருடைய கண்களில் புரை வளர்ந்திருந்ததை அதுவரை அவர் ஒருவரிடமும் கூறவில்லை. “எப்படி இருக்கு தம்பி?” என்று வினவினார். நன்றாயிருக்கிறது என்றோம். இரவில் ஒருவரும் அறியாமல் அறுத்துக் கட்டிவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. கத்தரியை எடுத்தோம், வைத்துவிட்டோம். இடப்பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிவைத்து, மேற்கொண்டு வேலை பார்த்தோம்.

இயங்குகயிறுகளில் தெளிவாக அறியவேண்டியது பருமல்களின் நிலை. பாய் விரித்த கப்பலில் மேற்பருமல்கள் ஆஞ்சானால் உயர்த்தப்பட்டிருக்கும். பாய் சுருட்டினால் அவை கீழே இறக்கப்பட்டு மரமுடிச்சின்மேல் படிந்திருக்கும். பாயே இல்லாத மாதிரியில் பருமல்களை உச்சியில் நிறுத்திவைத்திருப்பதைக் கண்காட்சிகளிலும் காணலாம். ஆளில்லாத ஊஞ்சல் மேலே நிற்பதைப் போன்றதே அது. வார்த்தெடுத்த பிளாஸ்டிக்குப் பாய்களைப் புறக்கணித்து, பழைய பட்டுக் கைக்குட்டையை நீர்ப்பசையில் தோய்த்துச் சுருட்டிப் பருமலில் கட்டினோம். சுருட்டிய பாய் மெலிந்திருக்கவேண்டுமாதலால் முழுத்துணியில் மூன்றிலொரு பங்கே போதுமானது.

கயிறுகளின் கடைமுனை தட்டின் ஓரத்து முளைகளில் வந்து சுற்றப்படும். மிகுதிக் கயிற்றை அங்கேயே சுருட்ட முயன்றால் விரல் நடுங்கி வேலை கெடும். முளையில் ஒரு சுற்று சுற்றிப் பசையிட்டு அறுத்துவிட்டு, ஊசியில் தனியே சுற்றிச் செய்த சிறு சுருளை அதன்மேல் மாட்டினால் மெய்போலவே தோன்றும். சுருள் தன் பாரத்தால் கீழ்நோக்கித் தொங்கவேண்டும். சிறு கயிற்றுக்கும் புவியீர்ப்பு உண்டல்லவா?

கடைசிச் சுருளை மாட்டும் நாளுக்கு முன்னர் அண்ணாச்சிக்குக் கண் அறுவை நடந்தது. மூன்று வாரம் மாடிப்படி ஏறலாகாதென்று அவருடைய மகள் தடுத்துவிட்டார். நாலாம் வாரம் வந்தார். வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த கப்பலைப் பீடத்தோடு மெல்லச் சுழற்றினார். நாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம். நெடுநேரம் ஓசையில்லை.

“பத்தாம் படிக்கு மேலே ஒண்ணும் சரியில்லையே, தம்பி. ஏன் சொல்லல?”

நாம் விடைகூறவில்லை. அவரும் விடையை எதிர்பார்க்கவில்லை. கூர்முனைக் கத்தரியை எடுத்தார். நடுமரத்தின் இடப்பக்கத்தில் பதினோராம் படியில் ஒரு துளி நீர் வைத்தார், பசை இளகும்வரை காத்திருந்தார், முடிச்சை அறுத்தார். பிறகு அடுத்தது. கீழே பத்துப் படிகளை விட்டுவைத்து, உச்சிவரை யாவற்றையும் நீக்கிவிட்டு, கோடிட்ட தாள் எங்கே என்று கேட்டார். நாம் எடுத்துக் கொடுத்தோம். அதைக் கட்டுக்கயிறுகளுக்குப் பின்னே நிறுத்தி, தேன்மெழுகு பூசிய நூலில் முதல் முடிச்சை இட்டபொழுது மணி நான்கு இருக்கும். தேநீர் ஆறிப்போயிற்று.